படகுக் கருவிகளின் பிளாஸ்டிக் பாகங்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஆழமானி, சார்ட் பிளாட்டர் (கடல் வரைபடத்தில் படகின் இடத்தைக் காட்டும் திரை), வேகமானி, காற்றுமானி, காம்பஸ் எதுவானாலும் சரி, உள்ளே இருக்கும் சர்க்யூட் பழுதாவதற்கு முன்பே வெளியே இருக்கும் பிளாஸ்டிக் கைவிரித்துவிடுவது அடிக்கடி நடக்கிறது. பிராக்கெட் இரண்டாகிறது, முன் சட்டத்தில் விரிசல் ஓடுகிறது, கனெக்டர் நட்டு பிளந்துகொள்கிறது. கைக்குள் அடங்கும் ஒரு பாகம் போனதற்காக நல்ல கருவியைத் தூக்கிப் போட மனசு கேட்பதில்லை. இந்த உடைப்புகளில் பெரும்பாலானவற்றைப் பல வருடம் தள்ளிப்போட முடியும். படகு வைத்திருப்பவர்கள் திரும்பத் திரும்பக் கேட்பவற்றுக்கான பதில்கள் கீழே.

உப்புத் தண்ணீர்தானே பிளாஸ்டிக்கைக் கெடுக்கிறது?

இல்லை. உப்புத் தண்ணீர் உலோகத்துக்குத்தான் எமன். கருவிகளில் வழக்கமாக வரும் ஏபிஎஸ், பாலிகார்பனேட், நைலான், அசிட்டால் இவை எதையும் கடல்நீர் அரிப்பதில்லை. உடைந்த பாகத்தைக் கையில் எடுத்துப் பார்த்தால் காரணம் பெரும்பாலும் மூன்றில் ஒன்றாக இருக்கும்: வெயில், துடைக்கவோ பூசவோ பயன்படுத்திய ஏதோ ஒரு திரவம், அளவுக்கு மீறிய இறுக்கம். பல நேரம் மூன்றுமே கூட்டுச் சேர்ந்திருக்கும்.

உப்பு செய்யும் கெடுதல் வேறு வகை. காய்ந்து படிகமாகி, துணியால் துடைக்கும்போது கண்ணாடியிலும் சட்டத்திலும் கீறல் போடும். பிளாஸ்டிக்குக்குள் பதித்த உலோகத் துண்டுகளையும் ஸ்க்ரூக்களையும் அரிக்கும். அரிப்பில் உண்டாகும் துருவும் வெள்ளைப் பூப்பும் அசல் உலோகத்தைவிட அதிக இடம் பிடிக்கும் என்பதால், சுற்றியிருக்கும் பிளாஸ்டிக் உள்ளிருந்து பிளக்கிறது.

வெயில் அப்படி என்ன செய்துவிடும்?

சூரிய ஒளியில் இருக்கும் புற ஊதாக் கதிர்கள் பிளாஸ்டிக்கின் நீண்ட மூலக்கூறுச் சங்கிலிகளை அறுக்கின்றன. ஏபிஎஸ் இதில் ரொம்பப் பாவம். அதற்கு அடி தாங்கும் சக்தியைக் கொடுப்பதே உள்ளே கலந்திருக்கும் ரப்பர் பகுதிதான். வெயில் முதலில் கை வைப்பதும் அதில்தான். மேல்பரப்பில் மெல்லிய ஓர் அடுக்கு கெட்டித்துப்போய் நொறுங்கும் தன்மைக்கு வந்துவிடும். உள்ளே பிளாஸ்டிக் நன்றாகத்தான் இருக்கும். ஆனால் மேல் அடுக்கில் விழும் சிறு விரிசல் அங்கேயே நிற்காமல், நன்றாக இருக்கும் உள்பகுதிக்கும் ஓடிவிடும்.

கண்டுபிடிப்பது எளிது. பளபளப்பு போகும், வெள்ளை மஞ்சளாகும், கறுப்பு சாம்பலாகும். உலர்ந்த கறுப்புத் துணியால் ஒரு முறை தேய்த்தால் துணியில் வெள்ளைப் பொடி ஒட்டும். கண்ணாடி இழை கலந்த நைலான் பிராக்கெட் என்றால், விரலால் தடவும்போது இழைகள் வெளியே நீட்டிக்கொண்டு சொரசொரப்பாகத் தெரியும். அந்த நிலைக்கு வந்த பாகத்தை இறுக்கிப் பார்க்காதீர்கள். மாற்றுப் பாகத்தைத் தேட ஆரம்பித்துவிடுங்கள்.

தடுக்க இருக்கும் மிகச் சிறந்த வழி, கருவியோடு வரும் மூடியை, அணைத்த கையோடு போட்டுவிடுவதுதான். பலர் அதைப் பெட்டியிலேயே வைத்துவிடுகிறார்கள். மூடுவதற்கு முன் நல்ல தண்ணீரில் உப்பைக் கழுவிவிட வேண்டும். இல்லாவிட்டால் படகின் அதிர்வில் மூடிக்கும் கண்ணாடிக்கும் நடுவே உப்புப் படிகம் தேய்த்துக்கொண்டே இருக்கும்.

கறுப்பு பிளாஸ்டிக் வெயிலில் அதிகம் சூடாகுமே, வெள்ளைதானே நல்லது?

சூடு விஷயத்தில் வெள்ளை நல்லது. ஆனால் கறுப்பு நிறத்துக்காகச் சேர்க்கும் கார்பன் கரி, புற ஊதாவைத் தடுக்கும் மலிவான, வலுவான பொருள். நன்றாகக் கலந்தால் 2 சதவீதம் அளவே போதும். அதனால் வெளியில் இருக்கும் பிராக்கெட், கேபிள் பிடிப்பான், நட்டு போன்றவற்றுக்குக் கறுப்பைத் தேர்ந்தெடுக்கலாம். பெரிய சட்டங்களுக்கு நிறத்தைவிட எந்தப் பிளாஸ்டிக் என்பதுதான் முக்கியம். ஏபிஎஸ்ஸுக்கு அண்ணன் தம்பி உறவான ஏஎஸ்ஏ வெயிலை நன்றாகத் தாங்கும். கெடக்கூடிய அந்த ரப்பருக்குப் பதிலாக இதில் வேறு ரப்பர் இருக்கிறது.

என் பாகம் எந்தப் பிளாஸ்டிக் என்று எப்படித் தெரிந்துகொள்வது?

பாகத்தைக் கழற்றி உள்பக்கம் பாருங்கள். பல தயாரிப்பாளர்கள் இரண்டு கூர் அடைப்புக்குறிகளுக்கு நடுவே ஒரு சுருக்கெழுத்தை அச்சிலேயே வார்த்திருப்பார்கள். ஏபிஎஸ், பிசி என்றால் பாலிகார்பனேட், பிஏ66 என்றால் நைலான், பிஓஎம் என்றால் அசிட்டால். பின்னால் ஜிஎஃப்30 என்று இருந்தால் 30 சதவீதம் கண்ணாடி இழை கலந்தது. குறி எதுவும் இல்லையென்றால், உடைந்த துண்டை நல்ல தண்ணீரில் போடலாம். மிதந்தால் பெரும்பாலும் பாலிஎதிலீன் அல்லது பாலிப்ரொப்பிலீன், அதாவது எந்தப் பசையும் சரியாக ஒட்டாத வகை. மூழ்கினால் மற்றவற்றில் ஒன்று.

கருவியை எதைக் கொண்டு துடைக்கலாம்?

நல்ல தண்ணீர், இரண்டு சொட்டு மிதமான பாத்திரம் கழுவும் திரவம், மெல்லிய துணி. இவ்வளவுதான். இந்த ஒரு பதில் மட்டும் மனதில் நின்றால்கூடப் பாதிப் பாகங்கள் பிழைத்துவிடும் என்று உறுதியாகச் சொல்வேன், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

பாலிகார்பனேட், ஏபிஎஸ், அக்ரிலிக் மூன்றுக்கும் ஒரு பலவீனம் உண்டு. ஏற்கெனவே இழுவிசையில் இருக்கும் இடத்தில் சில திரவங்கள் பட்டால், அந்த இடம் தானாகவே விரிசல் விடும். அந்தத் திரவம் பிளாஸ்டிக்கைக் கரைக்கக்கூட வேண்டியதில்லை. சங்கிலிகளுக்கு நடுவே புகுந்து அவற்றின் பிடியைத் தளர்த்தினாலே போதும். மிச்ச வேலையை உள்ளே இருக்கும் இழுவிசை பார்த்துக்கொள்ளும். ஸ்க்ரூ இறுக்கிய இடம், கூர்மையான மூலை, வளைத்துச் செருகிய கிளிப் எல்லாமே இழுவிசையில் இருப்பவைதான். எனவேதான் விரிசல் பெரும்பாலும் ஸ்க்ரூ துளையிலிருந்தே கிளம்புகிறது.

எந்தெந்தத் திரவங்கள்? அசிட்டோன், தின்னர், பெட்ரோல், டீசல், அமோனியா கலந்த கண்ணாடி கிளீனர். இவை எதிர்பார்க்கக்கூடியவை. எதிர்பாராதவையும் உண்டு. டீட் கலந்த கொசு விரட்டி பல பிளாஸ்டிக்குகளை இளக்கும். தடவிய கையோடு பொத்தானை அழுத்தினால் விரல் ரேகை அப்படியே பதிந்துவிடும். சில சன்ஸ்கிரீன் கிரீம்களும் அதே வேலையைச் செய்கின்றன. ஸ்க்ரூ கழலாமல் இருக்க மரையில் விடும் பூட்டுத் திரவம் இன்னும் மோசம். அது உலோகத்துக்கும் உலோகத்துக்கும் நடுவே காற்றில்லாத இடத்தில் இறுகுவதற்காகச் செய்யப்பட்டது. பிளாஸ்டிக் மரையில் விட்டால் இறுகாமல் ஈரமாகவே நின்று, சுற்றியிருக்கும் பிளாஸ்டிக்கை விரிசல் விட வைக்கும். இறுக்கிய அன்று எல்லாம் நன்றாக இருக்கும். பிறகு ஒரு நாள் யாரும் தொடாமலே பிராக்கெட்டின் காது கழன்று விழும். அப்போது அதற்குக் காரணம் அந்த ஒரு சொட்டுத் திரவம் என்று யாருக்கும் தோன்றாது.

சீலன்ட்டிலும் இப்படிப் பிரச்சினை உண்டா?

உண்டு. பாலிசல்ஃபைடு வகை சீலன்ட்டை ஏபிஎஸ், பாலிகார்பனேட், அக்ரிலிக் பாகங்களில் போடக் கூடாது. வினிகர் வாடை அடிக்கும் சிலிகான், காயும்போது அசிட்டிக் அமிலத்தை வெளியிடும். அருகில் இருக்கும் உலோகத் தொடர்புகளுக்கு அது ஆகாது. டாஷ்போர்டில் கருவியைப் பொருத்த, வாடை இல்லாத நியூட்ரல் சிலிகானோ, பியூட்டைல் டேப் என்ற ஒட்டும் ரப்பர் பட்டையோ போதும். கருவியோடு ரப்பர் கேஸ்கெட் வந்திருந்தால் சீலன்ட்டே வேண்டாம், கேஸ்கெட்டை மட்டும் போடுங்கள். நிரந்தரமாக ஒட்டிக்கொள்ளும் சீலன்ட்டைப் போட்டுவிட்டு, பின்னால் ஒரு நாள் கழற்ற நெம்புகோல் போடும்போது முன் சட்டம்தான் முதலில் உடையும்.

ஸ்க்ரூவை எவ்வளவு இறுக்கலாம்?

கேஸ்கெட் லேசாக அமுங்கியதும் நிறுத்துங்கள். பவர் ஸ்க்ரூ டிரைவர் இந்த வேலைக்குக் கூடவே கூடாது. குட்டையான திருப்புளியை இரண்டு விரலால் பிடித்துத் திருப்பும் பலமே போதுமானது.

பிளாஸ்டிக் ஸ்பிரிங் மாதிரி நடந்துகொள்வதில்லை. தொடர்ந்து அழுத்தத்தில் இருந்தால் மெல்ல மெல்ல விட்டுக்கொடுக்கும். இன்று இறுக்கிய ஸ்க்ரூ சில வாரத்தில் தளர்ந்ததுபோல் இருப்பது இதனால்தான். தளர்ந்ததே என்று மறுபடி இறுக்குவோம், அது மறுபடி விட்டுக்கொடுக்கும், மூன்றாவது நான்காவது தடவையில் டப்பென்று உடையும். இறுக்கத்தைக் கூட்டுவதற்குப் பதில் பரப்பைக் கூட்டுங்கள்: ஸ்க்ரூ தலைக்குக் கீழே அகலமான வாஷர், அதற்கும் பிளாஸ்டிக்குக்கும் நடுவே மெல்லிய ரப்பர் அல்லது நைலான் வாஷர். கூம்புத் தலை ஸ்க்ரூ வேண்டாம். அதன் சரிவு ஆப்பு இறக்குவதைப்போலத் துளையை அகட்டும். தட்டையான அடிப்பகுதி கொண்ட தலைதான் சரி.

கழற்றி மாட்டும்போது இன்னொன்று. ஸ்க்ரூ இறங்கும் பிளாஸ்டிக் குழலில் மரையை வெட்டியதே முதல் தடவை இறங்கிய ஸ்க்ரூதான். அடுத்த தடவை அதே பாதையைப் பிடிக்காமல் புதுப் பாதை வெட்டினால் குழல் பிளந்துவிடும். ஸ்க்ரூவை வைத்து, அழுத்தாமல், முதலில் எதிர்ப்பக்கமாகத் திருப்புங்கள். ஒரு இடத்தில் டிக் என்று சற்றே கீழே இறங்குவது விரலுக்குத் தெரியும். பழைய மரையின் வாய் அதுதான். அங்கிருந்து வழக்கமான பக்கம் திருப்பினால் வெண்ணெயாக இறங்கும். நடுவில் கடினமாக இருந்தால் நிறுத்திவிட்டு மறுபடி தேடுங்கள்.

இறுக்கமும் சரி, திரவமும் படவில்லை. ஆனாலும் முன் சட்டத்தின் மூலையில் விரிசல். ஏன்?

சூட்டில் பிளாஸ்டிக் உலோகத்தைவிடப் பல மடங்கு விரியும். 200 மி.மீ. அகலமுள்ள ஏபிஎஸ் சட்டம், அதிகாலை 15 டிகிரியிலிருந்து நண்பகல் வெயிலில் 65 டிகிரிக்குப் போனால் சுமார் 0.8 மி.மீ. நீளும். அதே அளவு அலுமினியத் தகடு கால் மி.மீ. கூட நீளாது. நான்கு மூலையிலும் இறுக்கமாகத் திருகிவிட்டால் அந்த நீட்சி போக இடமில்லை. தினமும் நீள்வதும் சுருங்குவதுமாக, கடைசியில் மூலைத் துளையில் விரிசல் விழும். துளையை ஸ்க்ரூவைவிட அரை மி.மீ. முதல் ஒரு மி.மீ. வரை பெரிதாக வைத்து, ஸ்க்ரூ தலைக்குக் கீழே அது நகர இடம் விட்டால் இது வராது. கருவியைப் பொருத்தும் பரப்பு வளைந்திருந்தால் அதையும் முதலில் சமப்படுத்துங்கள். வளைந்த பரப்பில் தட்டையான சட்டத்தை ஸ்க்ரூ போட்டு இழுத்துப் படிய வைப்பது, விரிசலை நாமே விதைப்பது.

ஐபி67 என்று போட்டிருக்கிறதே, உள்ளே எப்படிப் பனி படிகிறது?

ஐபி67 என்றால், புதுக் கருவியை 1 மீட்டர் ஆழத் தண்ணீரில் 30 நிமிடம் வைத்தாலும் கெடுதல் தரும் அளவுக்குத் தண்ணீர் உள்ளே போகாது என்று அர்த்தம். வருடக்கணக்கில் வெயிலில் காய்ந்த கேஸ்கெட்டைப் பற்றி அந்த எண் எதுவும் சொல்வதில்லை. வேகமாகப் பீய்ச்சும் தண்ணீரைப் பற்றியும் சொல்வதில்லை. அதற்கு ஐபிஎக்ஸ்6 என்ற தனிச் சோதனை இருக்கிறது. எனவே ஐபி67 கருவியைப் பிரஷர் வாஷரால் கழுவுவது சரியல்ல.

உள்ளே ஈரம் போகும் விதம் இப்படி: வெயிலில் பெட்டிக்குள் காற்று 60 டிகிரிக்குச் சூடாகிறது. திடீரென அலை மேலே அடித்து 30 டிகிரிக்குக் குளிர்கிறது. உள்ளே அழுத்தம் சுமார் 9 சதவீதம் குறையும். வெளிக் காற்று உள்ளே வரப் பார்க்கும், வழியில் தண்ணீர் நின்றால் அதையும் இழுத்துக்கொண்டு வரும். இதற்காகவே நல்ல கருவிகளின் பின்பக்கம், காற்றை விட்டு நீரைத் தடுக்கும் சவ்வு கொண்ட ஒரு சிறு துளை இருக்கும். அதை ஓட்டை என்று நினைத்து சீலன்ட் போட்டு அடைத்துவிடாதீர்கள். அடைத்தால் அந்த இழுப்பு முழுவதும் கேஸ்கெட் மேல் விழும். உப்பு அடைத்திருந்தால் நனைந்த துணியால் மெதுவாகத் துடைத்தால் போதும், ஊசியால் குத்தக் கூடாது.

படகின் அடியைத் துளைத்துப் பொருத்தும் பிளாஸ்டிக் டிரான்ஸ்டியூசர் உறையை நம்பலாமா?

டிரான்ஸ்டியூசர் என்பது ஆழத்தையோ வேகத்தையோ அளக்கத் தண்ணீரைத் தொட்டுக்கொண்டிருக்கும் உணரி. ஃபைபர் படகில், சரியாகப் பொருத்தியிருந்தால் அதன் பிளாஸ்டிக் உறையை நம்பலாம். உலோகப் படகிலும் பிளாஸ்டிக் பொருத்தமானதே. வெண்கல உறையை அலுமினிய உடலில் போட்டால் மின்வேதி அரிப்பு தொடங்கிவிடும். மரப் படகில் மட்டும் பிளாஸ்டிக் உறை வேண்டவே வேண்டாம். மரம் தண்ணீரில் ஊறி உப்பும்போது உறையின் விளிம்பைப் பிடுங்கி எடுத்துவிடும். மரத்துக்கு வெண்கலம்தான்.

மற்ற பாகங்கள் உடைந்தால் செலவு. இது உடைந்தால் படகுக்குள் தண்ணீர். அதனால் இதில் சமரசம் செய்துகொள்ளாதீர்கள். நட்டைக் கையால் இறுக்குங்கள், பெரிய ஸ்பேனர் போட்டு முறுக்க வேண்டாம். உறையை அசிட்டோனால் துடைக்காதீர்கள். படகின் உடலைத் துடைத்தாலும், கரைப்பான் முழுக்க ஆவியான பிறகே உறையை இறக்குங்கள். பாசி தடுப்பு பெயின்ட் அடிப்பதாக இருந்தால் நீர் கலந்த வகையோ, டிரான்ஸ்டியூசருக்கென்றே செய்ததோ மட்டும். கீட்டோன் வகைக் கரைப்பான் (அசிட்டோன் போன்றது) கலந்த பெயின்ட் பிளாஸ்டிக்கைத் தின்றுவிடும்.

படகைக் கரையேற்றும்போதெல்லாம் உறையின் வெளி விளிம்பை டார்ச் அடித்துச் சுற்றிலும் பாருங்கள், உள்ளே நட்டுக்கு மேலே மரைப் பகுதியையும் பாருங்கள். முடி அளவு விரிசல் தெரிந்தாலும் மாற்றிவிட வேண்டும், மேலே சீலன்ட் பூசி ஏமாற்றிக்கொள்ளக் கூடாது. உறை உடைந்தால் உடனே அடித்து அடைக்க, அதன் வாய்க்குப் பொருந்தும் மென்மரக் கூம்பு ஒன்றைக் கயிற்றால் அதன் பக்கத்திலேயே கட்டி வையுங்கள்.

வேகமானியின் சக்கரம் அடிக்கடி சிக்கிக்கொள்கிறது. சக்கரத்தை மாற்ற வேண்டுமா?

படகின் அடியில் தண்ணீர் ஓட்டத்தில் சுற்றி வேகத்தைக் காட்டும் சக்கரம் அது. முதலில் வெளியே எடுத்துப் பாருங்கள். பாசியோ, குட்டிக் கொட்டலசோ, மீன்பிடி நரம்போ சிக்கியிருக்கலாம். மென்மையான பிரஷ்ஷும் தண்ணீரும் போதும். கத்தியால் சுரண்டினால் இறக்கைகள் நுனியில் உடையும். சுத்தம் செய்த பிறகும் சக்கரம் அச்சில் ஆடினால் துளை தேய்ந்துவிட்டது, சக்கரத்தையும் அச்சையும் சேர்த்தே மாற்றுங்கள். உறையில் இருக்கும் ஓ-ரிங் என்ற ரப்பர் வளையத்துக்கு சிலிகான் கிரீஸ் தடவுங்கள், பெட்ரோலியம் கிரீஸ் சில ரப்பர் வகைகளை உப்ப வைக்கும். படகை நீண்ட நாள் நிறுத்துவதாக இருந்தால் சக்கரத்தை எடுத்துவிட்டு, கூட வரும் அடைப்பானைப் போட்டு வைக்கலாம்.

கேபிள் கனெக்டரின் பிளாஸ்டிக் நட்டு பிளந்துவிட்டது. டேப் சுற்றினால் போதுமா?

துறைமுகம் வந்து சேர்வதற்குப் போதும். படகுக் கருவிகளை ஒன்றோடொன்று இணைக்கும் என்எம்இஏ 2000 அமைப்பில் வருவது 12 மி.மீ. மரை கொண்ட ஐந்து முனைக் கனெக்டர். அதன் நட்டு, மரையைப் பிடிப்பதோடு உள்ளே இருக்கும் ரப்பர் வளையத்தையும் அழுத்திப் பிடிக்கிறது. நட்டு பிளந்தால் வளையம் தளரும், ஈரம் போகும், முனைகள் பச்சை பூக்கும். கேபிளையே மாற்றுவது நல்லது. வெயில் படும் இடத்துக்கு உலோக நட்டு கொண்டது கிடைக்கும். இறுக்குவது கையால் மட்டும். அப்புறம், கனெக்டருக்கு அருகிலேயே கேபிளைக் கட்டிப் பிடிப்புக் கொடுங்கள். தொங்கும் கேபிளின் எடையும் அதிர்வும்தான் நட்டை உடைக்கின்றன.

பொத்தான்களும் பின்பக்கமும் பிசுபிசுவென்று ஒட்டுகின்றன. இது என்ன அழுக்கு?

அழுக்கு இல்லை. கைக்கு மெத்தென்று இருக்கப் பூசிய ரப்பர் பூச்சு, ஈரத்திலும் சூட்டிலும் சிதைந்து பசையாகிவிட்டது. பழைய நிலைக்குத் திரும்பாது. ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலைத் துணியில் கொஞ்சமாக எடுத்து, கண்ணாடியிலும் ஸ்க்ரூ துளைகளிலும் படாமல், பூச்சை முழுவதும் உருட்டி எடுத்துவிட்டு உடனே தண்ணீரால் துடையுங்கள். கீழே இருக்கும் வெறும் பிளாஸ்டிக் வழவழப்பாக இருந்தாலும் வேலைக்கு ஆகும்.

உடைந்த பாகத்தை ஒட்ட முடியுமா?

ஏபிஎஸ் என்றால் நன்றாக ஒட்டும். அதற்கென்றே கரைப்பான் சிமென்ட் உண்டு. பாலிகார்பனேட்டுக்கு இரண்டு பாக அக்ரிலிக் பசை. நொடியில் ஒட்டும் பசை சீக்கிரம் பிடிக்கும், ஆனால் அதிர்வில் விட்டுவிடும், சுற்றிலும் வெள்ளைப் புகை படியும். அசிட்டால், பாலிஎதிலீன், பாலிப்ரொப்பிலீன் மூன்றிலும் நேரத்தை வீணாக்க வேண்டாம். மரை போன குழலுக்குள் சூடாக்கி இறக்கும் பித்தளை மரைக்குழாய் நல்ல தீர்வு, பழையதைவிட உறுதியாகவே நிற்கும். பரவும் விரிசலை நிறுத்த அதன் நுனியில் 2 மி.மீ. துளை ஒன்று போட்டுவிட்டு ஒட்டுங்கள்.

3டி பிரிண்டரில் செய்துகொள்ளலாமா?

பிராக்கெட், மூடி, குமிழ் போன்றவற்றைத் தாராளமாகச் செய்யலாம். தண்ணீர் மட்டத்துக்குக் கீழே வரும் எதையும் வேண்டாம். பிரிண்டரில் வழக்கமாகப் போடும் பிஎல்ஏ பிளாஸ்டிக் இழை 60 டிகிரி வாக்கிலேயே இளகிவிடும், வெயிலில் நிற்கும் டாஷ்போர்டில் ஒரே மதியத்தில் கோணிப்போகும். ஏஎஸ்ஏ இழைதான் இதற்குச் சரி. அச்சிட்ட பாகம் பிளப்பது அடுக்குக்கும் அடுக்குக்கும் நடுவேதான் என்பதால், பாரம் இழுக்கும் திசை அடுக்குகளின் நீளவாக்கில் வரும்படி படுக்க வைத்து அச்சிடுங்கள்.

பேசாமல் எல்லாவற்றையும் உலோகத்துக்கு மாற்றிவிட்டால்?

பிராக்கெட்டுக்குச் சரி, குறிப்பாக அலையில் தட்டித் தட்டிப் போகும் சின்னப் படகில் பெரிய திரை வைத்திருப்பவர்களுக்கு. ஆனால் அலுமினியமும் ஸ்டெயின்லெஸ் ஸ்க்ரூவும் உப்பு ஈரத்தில் ஒன்றாக இருந்தால் அலுமினியம் அரிபட்டுப் போகும், நடுவே நைலான் வாஷர் வேண்டும். சாதாரண இரும்பு காம்பஸுக்கு அருகில் வரவே கூடாது. பொருத்தும் முன் பாகத்தை காம்பஸ் பக்கத்தில் ஆட்டிப் பாருங்கள், முள் அசைந்தால் வேறு இடம் தேடுங்கள். ஜிபிஎஸ் ஆன்டெனாவின் மூடியை உலோகத்தில் செய்தால் சிக்னலே போய்விடும். காற்றுமானியின் கிண்ணங்களும் பிளாஸ்டிக்காகவே இருக்கட்டும். எடை கூடினால் மெல்லிய காற்றில் சுற்றாது. அங்கே வெயிலும் பறவைகளும் உடைப்பதை ஏற்றுக்கொண்டு, கிண்ணத் தொகுதியைத் தனியாக மாற்றக்கூடிய மாடலாக வாங்குவதுதான் வழி.

புதிதாக வாங்கும்போது எதைப் பார்ப்பது?

திரையின் அளவையும் வசதிகளையும் பார்ப்பதற்கு முன், பிராக்கெட், முன் சட்டம், மூடி, குமிழ், கேஸ்கெட் ஆகியவை தனித்தனியே உதிரியாகக் கிடைக்கின்றனவா என்று கேளுங்கள். பிராக்கெட்டின் குமிழைக் கழற்றி மரையைப் பாருங்கள்: பிளாஸ்டிக்கிலேயே வெட்டியதா, உள்ளே பித்தளை பதித்ததா? ஸ்க்ரூ துளையைச் சுற்றி மூலைகள் வளைவாக இருக்கின்றனவா, கூர்மையாக இருக்கின்றனவா? கையேட்டில் எதைக் கொண்டு துடைக்க வேண்டும், எவ்வளவு இறுக்க வேண்டும் என்று எழுதியிருக்கிறதா? பிடித்துப்போனால் கருவியோடு ஒரு பிராக்கெட், ஒரு செட் கேஸ்கெட், இரண்டு ஓ-ரிங் சேர்த்து வாங்கிவிடுங்கள். மாடல் நின்றுபோன பிறகு இவை கிடைப்பதில்லை. வாங்கிய உதிரிகளை வெளிச்சம் படாத பெட்டியில், எண்ணெய்க்கும் பெயின்ட்டுக்கும் தள்ளி வையுங்கள்.